பாபிக்கியூவுக்கு எந்தப் பியர்? தூளைப் பார்த்துப் போத்தலை எடுங்கள்

பாபிக்கியூவுக்குப் பொருத்தமான பியர் எது என்று மேல்நாட்டவர் எழுதும் வழிகாட்டல்கள் பெரும்பாலும் இறைச்சியிலிருந்து தொடங்குகின்றன. மாட்டுக்கு இது, பன்றிக்கு அது, கோழிக்கு இன்னொன்று என்று வரிசை போகும். அவர்களுடைய அடுப்புக்கு அந்த வரிசை சரி. அமெரிக்காவின் டெக்சஸில் மாட்டின் நெஞ்சுப் பகுதியில் உப்பும் மிளகும் தடவிப் பல மணிநேரம் புகையில் வேகவிடுகிறார்கள். கான்சஸ் சிட்டியில் தக்காளியும் சர்க்கரைப் பாகும் கலந்த இனிப்புக் குழம்பு பூசுகிறார்கள். கரோலைனாப் பக்கம் பன்றிக்கு வினாகிரி. இவற்றில் மிளகாய் இருந்தாலும் பின்வரிசையில்தான் இருக்கும்.

நம் முற்றத்தில் நடப்பது வேறு. கம்பிவலை மேல் கோழி ஏறினாலும் கணவாய் ஏறினாலும், அதற்கு முன்பே அதன் மேல் தூள் ஏறிவிடுகிறது. வறுத்த செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். கூடவே உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ப்புளி, உப்பு. இத்தனையும் பூசிய பிறகு உள்ளே இருப்பது எந்த இறைச்சி என்பது பியரைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி. எவ்வளவு உறைப்பு, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு கருகல் என்பதுதான் முதற் கேள்வி.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். உறைப்பான கோழி, நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றுக்கும் நன்றாகக் குளிர்ந்த சாதாரண லாகர், அதாவது பொன்னிறமான மெல்லிய பியர். கொழுப்புள்ள பன்றிக்கும் மாட்டுக்கும் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர், ஆனால் சிறிய கிளாஸில். சுட்ட மீனுக்கு, பருவத்தில் கிடைத்தால், பனங்கள். ஊரில் அதிகம் பேர் கேட்டு வாங்கும், மதுசாரம் கூடிய ஸ்ட்ரோங் பியருக்குப் பாபிக்கியூவில் இடமே இல்லை. இந்தக் கடைசி வசனத்துக்காக என்னோடு சண்டைக்கு வரப்போகிறவர்கள் காரணத்தைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பியர் உறைப்பை அணைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மைகூட இல்லை. மிளகாயிலுள்ள கப்சைசின் சுவையாக நாக்கில் பதிவதில்லை. சூட்டை உணர்வதற்காக நாக்கில் இருக்கும் நரம்பு வாங்கிகளைத் தூண்டி, வாய் வெந்துபோவதாக மூளையை நம்பவைக்கிறது. கப்சைசின் தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும், கடுமையான மதுசாரத்தில் கரையும். பியரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். எனவே அது உறைப்பைக் கழுவிக்கொண்டு போகாது. அதைவிடச் சங்கடமான செய்தி ஒன்று உண்டு: மதுசாரமும் அதே வாங்கிகளைத்தான் தூண்டுகிறது. அவை விழித்துக்கொள்ளும் வெப்ப அளவை அது கீழே இறக்கிவிடுகிறது. காயத்தில் சாராயம் பட்டால் எரிவதற்கும் இதுவே காரணம். ஆகவே மதுசாரம் கூடக்கூட மிளகாயின் எரிவும் கூடும். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் உறைப்போடு சேர்ந்தால் இரண்டுமே முரட்டுத்தனமாகத் தெரியும். அளவுக்கு மீறிய காபனீரொட்சைட்டும் குத்தும்.

அப்படியானால் பியர் எதற்கு என்று கேட்கலாம். குளிர்ச்சி எரிவைச் சிறிது நேரம் மரக்கச் செய்கிறது. மிதமான நுரை நாக்கில் படிந்த கொழுப்பைக் கிளப்பிவிடுகிறது. மால்ட்டின், அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லியின், மெல்லிய இனிப்பு தூளின் கூர்மையைத் தணிக்கிறது. குளிர், மிதமான நுரை, சிறிது இனிப்பு, குறைந்த கசப்பு, குறைந்த மதுசாரம்: யாழ்ப்பாணத்துப் பூச்சுக்கு வேண்டியவை இவை. உண்மையிலேயே வாய் எரிந்தால் கட்டித் தயிர் ஒரு கரண்டி எடுங்கள். பாற்புரதம் கப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும். அந்த வேலையைப் பியரிடம் ஒப்படைக்காதீர்கள்.

இனிக் கடைத்தட்டுக்கு வருவோம். பெயர்கள் பல தெரிந்தாலும் தெரிவு அவ்வளவு அகலமானதன்று. லயன் லாகர், லயன் ஸ்ட்ரோங், லயன் ஸ்டவுட் எல்லாம் பியகமவிலுள்ள ஒரே ஆலையில் வடிக்கப்படுபவை. உரிமம் பெற்று அங்கு வடிக்கப்படும் கார்ள்ஸ்பெர்க்கும் அப்படியே. அந்த ஆலையின் வேர் நுவரெலியாவில் இருக்கிறது. ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கே சிறிய அளவில் தொடங்கியது 1881இல் வணிக ஆலையானது. 2016 மே மாத வெள்ளத்தில் பியகம ஆலை மூழ்கி உற்பத்தி நின்றபோதுதான், நாட்டின் பியரில் எவ்வளவு பெரிய பங்கு அந்த ஒரு வாசலால் வெளியே வருகிறது என்பது பலருக்கும் உறைத்தது.

லயன் லாகரில் மதுசாரம் 4.8 சதவீதம். கசப்பு குறைவு, உடல் மெலிது, முடிவில் சிறிது இனிப்பு. பியர் இரசிகர்கள் பலர் இதை மட்டமாகப் பேசுவார்கள். தனியே உட்கார்ந்து முகர்ந்து குடிப்பதற்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிளகும் மிளகாயும் பூசி, கரியில் சுட்டு, ஓரத்தில் தேசிக்காய் பிழிந்த ஒரு கோழித்தொடையை எடுத்துக் கடித்தபின் வரும் முதல் மிடறுக்கு இந்த மெலிவுதான் வேண்டும். தூளோடு போட்டி போடாமல் ஒதுங்கி நின்று வாயைத் துடைத்துக் கொடுப்பது ஒரு குறையல்ல.

கார்ள்ஸ்பெர்க், ஹைனெக்கன், டைகர் போன்றவையும் அதே பொன்னிற லாகர்க் குடும்பம்தான். 1842இல் பிள்சன் நகரில் முதன்முதல் வடித்த வகையின் பேரப்பிள்ளைகள். ஒன்றில் கசப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், இன்னொன்று சற்று உலர்ந்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு வெறும் வாயில் குடித்தால் வேறுபாடு தெரியலாம். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சியபின் குடித்தால் எனக்குத் தெரிவதில்லை. தெரியும் என்பவர்களை நான் முழுதாக நம்புவதும் இல்லை. எனவே இந்தக் குடும்பத்துக்குள் விலையைப் பார்த்து எடுங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் கவனியுங்கள்: போத்தலின் நிறம். பியரிலுள்ள ஹொப்ஸ் சேர்மங்கள் வெயிலொளி பட்டால் உடைந்து, அழுகிய வெங்காயத்துக்கும் எரிந்த ரப்பருக்கும் நடுவில் ஒரு நாற்றத்தைத் தரும். மண்ணிறப் போத்தல் அந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பச்சைப் போத்தல் அவ்வளவு தடுக்காது, நிறமற்ற போத்தல் தடுப்பதே இல்லை. நம்மூர் வெயிலில் பச்சைப் போத்தலைக் கிணற்றுக்கட்டில் அடுக்கிவைத்துவிட்டுக் கரி மூட்டப் போனால், திரும்பி வருவதற்குள் அந்த வாடை ஏறத் தொடங்கியிருக்கும். நிறமற்ற போத்தலில் வரும் கொரோனா பியரின் கழுத்தில் தேசிக்காய்த் துண்டைச் செருகும் வழக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போத்தலுக்குத் தேசிக்காயைவிட நிழல்தான் அவசரம். பகலில் சுடுவதாக இருந்தால் மண்ணிறப் போத்தல் அல்லது ரின். பொழுது சாய்ந்தபின் எதுவும் பரவாயில்லை.

இனி ஸ்ட்ரோங். லயன் ஸ்ட்ரோங்கில் மதுசாரம் 8.8 சதவீதம். 625 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. அதே அளவு லாகரில் 30. ஒரு ஸ்ட்ரோங் குடித்தவர் கிட்டத்தட்ட இரண்டு லாகர் குடித்திருக்கிறார். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஸ்ட்ரோங் விலைப்படுவதும் இந்தக் கணக்கினால்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார். லாகர்ப் போத்தலைக் கண்டால் அவர் முகம் சுருங்கும். "தம்பி, இந்தத் தண்ணீரைக் குடித்து என்ன வரப்போகிறது?" என்பார். என்ன வரவேண்டும் என்பதில்தான் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

போதைதான் நோக்கம் என்றால் இறைச்சியை ஏன் வீணாக்க வேண்டும்? ஸ்ட்ரோங்கில் மதுசாரம் இருக்கிற அளவுக்கு அதைத் தாங்கும் மால்ட் உடல் இல்லை. தொண்டையில் சூடும், அடிநாக்கில் ஒரு திகட்டும் இனிப்பும்தான் மிஞ்சும். தூள் பூசிய துண்டுக்குப் பின் இதைக் குடித்தால் உறைப்பு இரட்டிப்பாகிறது. உறைப்பு ஏறினால் கை மீண்டும் கிளாஸுக்குப் போகும். கிளாஸ் காலியானால் உறைப்பு இன்னும் ஏறும். அரை மணிநேரத்தில் நாக்கு செத்துவிடும். பாபிக்கியூவில் நல்ல துண்டுகள் எப்போதும் பிந்தித்தான் வரும். கரி வெண்சாம்பல் போர்த்து நிதானமானபின் சுடும் இரண்டாம் மூன்றாம் சுற்றுத்தான் சீராக வேகும். ஸ்ட்ரோங் குடித்தவர்கள் அந்த நேரத்தில் முதற்சுற்றின் கருகிய கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டவுட்டிலும் அதே 8.8 சதவீதம் இருக்கிறதே, அதை மட்டும் எப்படிப் பரிந்துரைக்கலாம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

லயன் ஸ்டவுட் இலங்கை வெளியே தலைநிமிர்ந்து காட்டக்கூடிய ஒரு பொருள். பியர் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் இதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பாடகர் அல்லர்; அதே பெயர் கொண்ட, 2007இல் காலமான எழுத்தாளர். நாம் இதைக் கிழவர்களின் பானம், உடம்புக்குத் தெம்பு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். ஆனால் ஒரு கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். கறுப்புக்குக் கீழே சிவப்பு மின்னும், நுரை பழுப்பாக எழும்பி மெதுவாக இறங்கும். வாயில் கோப்பி, கடுஞ்சொக்லேட், பனங்கட்டியின் அடிச்சுவை, காய்ந்த முந்திரிகையின் சாயல். இந்த மதுசாரத்தைச் சுமக்கக்கூடிய உடல் இதற்கு இருக்கிறது. ஸ்ட்ரோங்குக்கு இல்லாதது அதுதான்.

இனிப் பன்றியின் வயிற்றுப்பகுதியை விரற்கடை அகலத்துக்கு வெட்டிக் கம்பிவலையில் போடுங்கள். கீழே சிரட்டைக்கரி. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு முதலில் கண்ணாடியாகும், பிறகு சொட்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் கரி ஒருமுறை சீறி நெருப்பை மேலே அனுப்பும். துண்டின் ஓரம் தங்கநிறமாகி, மண்ணிறமாகி, கடைசியில் ஒரு நூல் அகலத்துக்குக் கறுக்கும். அந்தக் கறுப்பு ஓரத்தின் மணமும் ஸ்டவுட்டின் மணமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இறைச்சி சிவக்கும்போது சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் இடையே நடக்கும் மயிலார்ட் தாக்கமே மால்ட்டைச் சூளையில் வறுக்கும்போதும் நடக்கிறது. அதனால்தான் கருகலும் ஸ்டவுட்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. பன்றிக்கொழுப்பு நாக்கில் ஒரு படலம் போடும். ஸ்டவுட்டின் மெல்லிய புளிப்பும் வறுத்த கசப்பும் அதை வெட்டும். லாகர் இந்த இடத்தில் காணாமலே போய்விடும்.

இரண்டு நிபந்தனைகள். முதலாவது, ஸ்டவுட்டுக்குச் சுடும் பன்றிக்குத் தூளைக் குறையுங்கள். மிளகு, உள்ளி, உப்பு, சிறிது பழப்புளி, ஒரு துண்டு பனங்கட்டி போதும். முழு உறைப்பைப் பூசிவிட்டு ஸ்டவுட் ஊற்றினால், மதுசாரத்தைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் இங்கும் நடக்கும். இரண்டாவது, ஒரு போத்தலை மூன்று நான்கு பேர் பகிருங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து கால் மணிநேரம் முந்தி எடுத்து வெளியே வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பாகையில்தான் அதன் மணம் திறக்கும். லாகர்போல நடுங்க நடுங்கக் குடித்தால் வெறும் கசப்புத்தான் தெரியும்.

மாட்டிறைச்சி ஏறாத வளவுகள் இங்கே அதிகம். ஏறுகிற இடத்தில் இதே விதி. கடையில் வாங்கும் இனிப்பான பாபிக்கியூ குழம்பைப் பூசிய கோழிக்கும் ஸ்டவுட் நன்றாகவே போகும். அந்தக் குழம்பு எனக்குப் பிடிக்காது என்பது வேறு விடயம்.

ஸ்டவுட்டை ஊறவைப்பதற்கும் பயன்படுத்தலாம். போர்த்துக்கல் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கறுப்பு பியரில் நான்கு மணிநேரம் ஊறிக் கரியில் சுட்ட பன்றியிறைச்சியில், புகையிலும் கருகலிலும் உருவாகும் தீங்கான ஐதரோகாபன்கள் ஊறாத இறைச்சியைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. பொன்னிறப் பியரில் ஊறியதில் அந்தக் குறைவு மிகவும் சிறிது. இதை வைத்துக் கருகலைத் தாராளமாகத் தின்னலாம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஊறவைக்க ஏதாவது ஊற்றத்தான் போகிறீர்கள் என்றால் அது கறுப்பாக இருக்கட்டும்.

கருகலைப் பேசும்போது காற்றையும் பேசவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் வெட்டவெளியில் அடுப்பு வைத்தால் கரி தறிகெட்டு எரியும். உள்ளே வேகுமுன் மேல்பூச்சு கறுத்துவிடும். எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் அந்த மாதங்களின் பாபிக்கியூவில் கருகற்சுவை ஒரு படி கூடத்தான் இருக்கும். எனவே ஆடி ஆவணியில் வழக்கத்தைவிட ஒரு ஸ்டவுட் கூட வாங்குவது வீணாகாது. வாடைக்காலத்தில் மழை விட்ட ஒரு மாலையில், காற்றடங்கிய முற்றத்தில், நிதானமான கரியில் சுட்ட கோழிக்கு லாகரே போதும். எந்த மாதமானாலும் பனையோலை வேலிக்குப் பக்கத்தில் அடுப்பு வைக்காதீர்கள். சோளகத்தில் ஒரு பொறி போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையில் சில வேளை வேறு வகைகளும் வந்து சேரும். அவற்றில் கோதுமைப் பியர் வந்தால் பத்திரப்படுத்துங்கள். பெல்ஜியத்தின் ஹூகார்டன் வகையில் மல்லி விதையும் தோடம்பழத் தோலும் போட்டு வடிக்கிறார்கள். நம் தூளிலும் மல்லி நிறையவே உண்டு; அந்த ஒற்றுமை வாயில் உடனே தெரியும். மதுசாரம் ஐந்து சதவீதத்துக்குள், கசப்பு மிகக் குறைவு, நுரை மென்மை. இறாலுக்கும் கணவாய்க்கும் நண்டுக்கும் லாகரைவிட ஒரு படி மேல். ஜேர்மன் கோதுமைப் பியரில் கராம்பும் வாழைப்பழமும் மணக்கும். அந்த மணத்தை ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது, எதையும் போடுவதில்லை. தேங்காய்ப்பாலில் ஊறவைத்த கோழிக்கு அது எடுப்பு. இங்கே எப்போதும் கிடைக்கும் பொருளல்ல, கிடைத்தால் விலையும் அதிகம் என்பதால் இதைத் திட்டத்தின் நடுவில் வைக்க முடியாது.

கனடாவிலிருந்து வரும் மச்சான்மார் கொண்டுவருவது பெரும்பாலும் ஐபிஏ. ஹொப்ஸ் அள்ளிப்போட்டு வடித்தது. கசப்பும் தோடை மணமும் தூக்கலானது. மதுசாரம் பல வேளைகளில் ஆறு, ஏழு சதவீதம். அங்கே பாபிக்கியூவுக்கு இதைத்தான் எல்லோரும் குடிக்கிறார்கள் என்பார்கள். அங்கே குடிக்கலாம். இங்கே தூள் பூசிய சுறாத் துண்டோடு குடித்தால் கசப்பு உலோகம்போல் நாக்கில் நிற்கும். மனம் கோணாமல் அதை வாங்கிக் கரி மூட்டும் நேரத்தில், உப்புப் போட்டு வறுத்த கச்சானோடு பரிமாறிவிடுங்கள். அந்த இடத்தில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கும், கொண்டுவந்தவருக்கும் மனநிறைவு.

இனிப் பனங்கள். இது பியர் அல்ல என்று தெரியும். ஆனாலும் சுட்ட மீனுக்கு என்ன குடிப்பது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைத் தவிர்த்து விடை சொன்னால் அது நேர்மையாகாது. கள்ளில் ஹொப்ஸ் இல்லை, ஆகவே கசப்பு இல்லை. மதுசாரம் லாகர் அளவிலேயே இருக்கும். நுரை தானாக எழும்பியது, மென்மையானது. எல்லாவற்றுக்கும் மேலாக அதில் புளிப்பு இருக்கிறது. மீனுக்குத் தேசிக்காய் செய்யும் வேலையைக் கள்ளின் புளிப்பு கிளாஸுக்குள்ளிருந்தே செய்துவிடுகிறது. விளைமீனையோ பாரையையோ கீறி, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் தூளும் அடைத்து, வாழையிலையில் சுற்றிக் கரியில் வைத்து எடுத்து, பிளாவில் ஊற்றிய கள்ளோடு சாப்பிட்டவர்களுக்கு லாகர் பிறகு சப்பென்றுதான் இருக்கும்.

சிக்கல்கள் நேரத்தில்தான் இருக்கின்றன. முட்டியில் வடியும்போதே நொதிக்கத் தொடங்கும் பொருள் இது. காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், மதியத்துக்கு இனிப்பும் புளிப்பும் சமனாகும், இரவில் புளித்து வினாகிரிப் பக்கம் சாய்ந்துவிடும். எனவே கள்ளோடு பாபிக்கியூ என்றால் அது மத்தியான வேலை. இரவு விருந்துக்கு மாலை இறக்கும் கள்ளைத் தவறணையில் வாங்கி உடனே கொண்டுவர வேண்டும். பனை எல்லா மாதமும் சுரக்காது. மற்ற மாதங்களில் தென்னங்கள் கிடைக்கும், அது இன்னும் மெலிது, மீனுக்கு அதுவும் தவறில்லை. போத்தலில் அடைத்த கள் வைத்திருக்க வசதியானது. ஆனால் கெடாமலிருக்கச் சூடாக்கி அடைப்பதால் உயிர்ப்பு போய்விடுகிறது. போத்தற்கள்ளா லாகரா என்றால் நான் லாகரையே எடுப்பேன்.

குடிக்காதவர்களையும் வாகனம் ஓட்டுபவர்களையும் வெறும் சோடாவோடு விடுவது விருந்தோம்பல் ஆகாது. யானை மார்க் இஞ்சி பியரின் இனிப்பு உறைப்பை நன்றாகத் தணிக்கும், பன்றிக்கும் பொருந்தும். மோரில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டால் கோழிக்கு எந்தப் பியரும் அதற்குப் பக்கத்தில் வராது என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் குளிரவைப்பதில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சிக்கே இடமிருக்காது. மீன்காரர்கள் பயன்படுத்தும் ஐஸ் கட்டியில் பாதி வாங்கி உடைத்து, ரெஜிபோம் பெட்டியில் போட்டு, போத்தல்களை அடுக்கியபின் தண்ணீர் ஊற்றுங்கள். பலர் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், ஐஸ் கரைந்துவிடும் என்ற பயம். வெறும் ஐஸ் போத்தலை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் முழுவதையும் தொடும், ஆகவே விரைவில் குளிரும். இரண்டு கைப்பிடி ஆனையிறவு உப்பைத் தூவினால் தண்ணீர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். அரை மணிநேரத்துக்குள் லாகர் தயார். உப்புப் போட்ட பெட்டியில் போத்தல்களை மறந்துவிடாதீர்கள், உறைந்தால் வெடிக்கும்.

பத்துப் பேர் கூடும் ஒரு மாலைக்கு நான் வாங்குவது இப்படி இருக்கும். அவர்களில் மூன்று பேர் குடிக்காதவர்கள், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஐந்து பேருக்கு ஆறு லாகர், இரண்டு ஸ்டவுட், மற்றவர்களுக்கு இஞ்சி பியரும் மோரும். கடலுணவை முதலில் சுட்டு லாகரைத் திறப்பேன். கோழிக்கும் அதுவே தொடரும். பன்றியைக் கடைசியில் போட்டு, அப்போதுதான் ஸ்டவுட். இந்த ஒழுங்கை மாற்றினால் லாகருக்கு வாயில் இடம் இருக்காது. பெரியப்பா வருவதாக இருந்தால் அவருக்கு ஸ்டவுட்டையே முதலில் கொடுத்துவிடுவேன். சதவீதத்தைப் பார்த்து அவரும் அமைதியாகிவிடுவார், அவருக்கான பன்றித் துண்டுகளையும் முந்தியே சுட்டுவிடலாம்.

நாளைத் தெரிவுசெய்யும்போது நாட்காட்டியைப் பாருங்கள். போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும், மற்ற நாளிலும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கமாட்டார்கள். ஆடி ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கும் வாரங்களிலேயே நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வரும். பல வீடுகளில் மச்சம் அடுப்படிக்கே வராது. கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் அல்லது பூங்காவனம் முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்வதே நடைமுறை. முடிந்த பிறகு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போவார்கள், ஸ்டவுட்தான் முதலில் தீரும். இரண்டு நாள் முந்தியே வாங்கிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, இருட்டான மூலையில் வையுங்கள்.